ஆயிரம் ஸ்பானிஷ் கார்டு, பின்பக்கம் இங்கிலீஷ்: எட்டு மாசம் வச்சிருந்து எழுதற ரிவ்யூ

வாங்கி மூணாவது வாரம்னு நினைக்கிறேன். ஹூஸ்டன்ல ஜூலை வெயில் தெரியும்ல, மண்டையைப் பொளக்குது, சாரத்து மேல நின்னு செங்கல் வச்சிட்டிருந்த ஒருத்தர் என்னைப் பாத்து "லா குச்சாரா, லா குச்சாரா"ன்னு கைய நீட்டறார். எனக்கு ஒரே குஷி. முந்தின நாள் ராத்திரிதான் அந்தக் கார்டைப் படிச்சிருந்தேன், முன்பக்கம் குச்சாரா, பின்பக்கம் ஸ்பூன். ஓடிப்போய் என் சாப்பாட்டுப் பையில இருந்து பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்துட்டு வந்து மேல நீட்டினேன். சாரத்துல இருந்த நாலு பேரும் சிரிச்ச சிரிப்பு பக்கத்து லாட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் கேட்டது சாந்து அள்ளிப் பூசற கரண்டி.

அன்னிக்கு ராத்திரி அந்தக் கார்டை எடுத்து பின்பக்கம் ஸ்பூன்ங்கற வார்த்தையை அடிச்சிட்டு தமிழ்ல "கரண்டி"ன்னு எழுதினேன். எழுதினதுக்கப்புறம் தான் உறைச்சுது, நம்மூர்ல கொத்தனார் கையில இருக்கறதும் கரண்டி, குழம்பு ஊத்தறதும் கரண்டி. அவங்களுக்கும் அப்படியே ரெண்டும் குச்சாரா. நடுவுல இங்கிலீஷ் வந்து தான் ஸ்பூன் வேற, கொத்தனார் கரண்டிக்கு ட்ரௌவெல்னு வேறன்னு பிரிச்சு என்னை கோமாளி ஆக்கிடுச்சு. இந்த ரிவ்யூவே அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான், மத்ததெல்லாம் கூட வந்தது.

முதல்ல பொருளைப் பத்தி சொல்லிடறேன். ஆன்லைன்ல 24 டாலருக்கு வாங்கினது, கம்பெனி பேர் வேண்டாம், இதே மாதிரி பத்து கம்பெனி போடறாங்க, எல்லாம் ஏறக்குறைய ஒண்ணு தான். 1000 கார்டு, சீட்டுக்கட்டு சீட்டை விட கொஞ்சம் சின்னது, முன்னாடி ஸ்பானிஷ் வார்த்தை, அதுக்குக் கீழ எப்படி உச்சரிக்கணும்னு இங்கிலீஷ் எழுத்துல, பின்னாடி இங்கிலீஷ் அர்த்தம், ஒரு உதாரண வாக்கியம். சாப்பாடு, உடம்பு, பயணம், ஆபீஸ்னு தலைப்பு போட்ட அட்டைத் தடுப்பு இருக்கு. அட்டை கெட்டி, எட்டு மாசமா சிமெண்ட் கையோட தொட்டும் கிழியலை. பெட்டி மூடி மட்டும் ரெண்டாவது மாசமே போச்சு, ரப்பர் பேண்டு தான்.

நான் ஏன் வாங்கினேன்னா, நான் சைட் இன்ஜினியர், எங்க சைட்ல முக்கால்வாசி பேர் மெக்சிகோ, ஹோண்டுராஸ் பக்கத்து ஆளுங்க. சேஃப்டி ட்ரெய்னிங் வேலையாளுக்குப் புரியற பாஷையில இருக்கணும்னு ஓஷா (வேலையிடப் பாதுகாப்பைப் பாத்துக்கற அமெரிக்க அரசாங்க அமைப்பு) ரூல் இருக்கு, அதுக்கு மொழிபெயர்ப்பாளர் வருவார், ஆனா காலைல ஆறரைக்கு ஏணி சாயப்போகுதுன்னு கத்தறதுக்கு மொழிபெயர்ப்பாளர் வரமாட்டார்ல. மொபைல் ஆப் ரெண்டு மூணு போட்டுப் பாத்தேன், "கரடி ஆப்பிள் சாப்பிடுகிறது" மாதிரி வாக்கியமா வந்துட்டிருந்தது, அந்தக் கரடியை வச்சு நான் எங்க கான்கிரீட் போடறது. அதான் கார்டு.

கார்டு பெட்டிங்கற ஐடியா நல்ல ஐடியா தான், அதுல சந்தேகமே இல்லை. செபாஸ்டியன் லைட்னர்னு ஒரு ஜெர்மன் பத்திரிகைக்காரர் 1972ல எழுதின முறை இது: அஞ்சு அறை போட்ட பெட்டி, சரியா சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பா சொன்னது முதல் அறைக்கே திரும்பி வரும், முதல் அறையை தினமும் பாக்கணும், கடைசி அறையை எப்பவாச்சும் பாத்தா போதும். தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் படிச்சு நேரத்தை வீணாக்கற வேலை இல்லை. 2006ல வந்த ஆங்கிங்கற ப்ரோக்ராமும் இதே கணக்கு தான், கம்ப்யூட்டர் பாத்துக்கும், ஆண்ட்ராய்டுல ஃப்ரீ, ஐபோன்ல மட்டும் காசு. அதுவும் நல்லா இருக்கு, ஆனா எனக்கு சைட்ல க்ளவுஸ் கழட்டி போன் எடுத்து தேய்க்கிறதை விட சட்டைப் பையில பத்து கார்டு சொருகிட்டு போறது வசதியா இருந்தது. இந்தப் பெட்டியில அஞ்சு அறை கிடையாது, நான் காலி ஸ்வீட் டப்பா அஞ்சு வச்சு பண்ணிக்கிட்டேன்.

இப்ப குறை. ஆயிரம் கார்டுன்னு போட்டிருக்கான்ல, அதுல ஆயிரம் வார்த்தையா இருக்கு? நாசியோன் நேஷன், தெலெவிசியோன் டெலிவிஷன், ஓஸ்பிதால் ஹாஸ்பிடல், அனிமால் அனிமல், சொகொலாத்தே சாக்லேட்டு. இதுக்கெல்லாம் கார்டு எதுக்கு? இங்கிலீஷ்ல ஷன்னு முடியறது அங்க சியோன்னு முடியும், ட்டின்னு முடியறது தாத்னு முடியும், லின்னு முடியறது மெந்தேன்னு முடியும், இந்த மூணை ஒரே கார்டுல எழுதிட்டா ஆயிரக்கணக்கான வார்த்தை கையில வந்துடும். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து இந்த மாதிரி சும்மா வந்த கார்டை எல்லாம் தனியா எடுத்தேன், 170க்கு மேல போச்சு. அதை வச்சு பையன் வீடு கட்டி விளையாடறான்.

ரெண்டாவது, எந்த ஊர் ஸ்பானிஷ்னு பெட்டி மேல எங்கயும் போடலை. பிரிச்சுப் பாத்தா ஸ்பெயின் ஸ்பானிஷ். உருளைக்கிழங்குக்கு பதாதான்னு இருக்கு, இங்க எல்லாரும் பாப்பா தான். ஜூஸுக்கு சூமோ, இங்க ஹூகோ. கம்ப்யூட்டருக்கு ஓர்தெனதோர், இங்க கொம்புததோரா. பக்கெட்டுக்கு கூபோன்னு போட்டிருக்கு, நான் சைட்ல கூபோன்னு கேட்டா க்யூப் மாதிரி எதையோ கேக்கறேன்னு முழிக்கிறாங்க, இவங்களுக்கு அது குபேத்தா. இது கூட பரவால்ல. எடுன்னு சொல்ல கோஹெர்னு ஒரு கார்டு இருக்கு பாருங்க. ஸ்பெயின்ல காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நூறு தடவை சொல்ற சாதாரண வார்த்தை, பஸ் பிடிக்கிறதுக்கும் அது தான் பென்சில் எடுக்கறதுக்கும் அது தான். மெக்சிகோக்காரங்க கிட்ட அது படு ஆபாசம். நல்லவேளை, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எங்க ஃபோர்மேன் என் கையில அந்தக் கார்டைப் பாத்துட்டார், வாங்கி மடிச்சு அவர் பாக்கெட்ல வச்சுக்கிட்டு "அகர்ரார்"னு மட்டும் சொன்னார். இன்னும் திருப்பித் தரலை. அமெரிக்காவுல விக்கிற பெட்டியில, அதுவும் டெக்சாஸுக்கு அனுப்பற பெட்டியில, இப்படி ஒரு கார்டை எச்சரிக்கை இல்லாம போடலாமா?

நல்ல பகுதி ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். இங்கிலீஷ் மாதிரி இருந்து ஏமாத்தற வார்த்தைன்னு 40 கார்டு மஞ்சள் கலர்ல தனியா வச்சிருக்கான். எம்பரசாதான்னா எம்பாரஸ்டு இல்லை, கர்ப்பம். எக்சிதோன்னா எக்சிட் இல்லை, வெற்றி. வெளிய போற வழி சலீதா. ரோப்பான்னா ரோப் இல்லை, துணி. சோப்பான்னா சோப்பு இல்லை, சூப்பு. கார்பெத்தான்னா கார்பெட் இல்லை, ஃபைல். லிப்ரெரீயான்னா லைப்ரரி இல்லை, புத்தகக் கடை. சென்சிப்லேன்னா புத்தியா நடக்கற ஆள் இல்லை, தொட்டா சிணுங்கற ஆள். எழுத்துலயே ஏமாத்தறதும் உண்டு: இங்கிலீஷ்ல ஒருதடவைன்னு அர்த்தம் வர்ற ஒன்ஸ், அதே நாலு எழுத்து ஸ்பானிஷ்ல 11. பாவம்ங்கற சின், அங்க "இல்லாம". சிவப்புங்கற ரெட், அங்க வலை. இந்த 40 கார்டு மட்டும் தனியா வித்தா நான் பத்து டாலர் கொடுத்து வாங்குவேன். கூடவே அரெனாவை விட்டுட்டான், அரெனான்னா மணல், இங்கிலீஷ்ல ஸ்டேடியத்துக்கு சொல்ற அரீனாவும் அந்த மணல்ல இருந்து வந்தது தான், கட்டட வேலைக்காரனுக்கு தினம் வேணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பெட்டியோட பெரிய சிக்கல் பின்பக்கம். ஒரு ஸ்பானிஷ் வார்த்தைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைன்னு முடிவு பண்ணி அச்சடிச்சிட்டான். தூன்னு ஒரு கார்டு, பின்னாடி யூ. உஸ்தேத்னு ஒரு கார்டு, பின்னாடி யூ. உஸ்தேதெஸ், அதுக்கும் யூ. மூணு கார்டையும் கலைச்சுப் போட்டு பின்பக்கத்தைப் பாத்து எந்த வார்த்தைன்னு சொல்லுன்னா நான் என்ன ஜோசியக்காரனா? நான் பாட்டுக்கு எங்க ஃபோர்மேனை, மனுஷனுக்கு 58 வயசு, ரெண்டு மாசம் தூ போட்டு பேசிட்டிருந்தேன். அவர் ஒண்ணும் சொல்லலை, ஆனா அவர் என்னை உஸ்தேத்னு தான் கூப்பிட்டுட்டு இருந்தார், அது எனக்கு அப்ப புரியக்கூட இல்லை. நீ, நீங்கன்னு ரெண்டு எழுத்து பின்பக்கம் எழுதியிருந்தா முதல் நாளே விளங்கியிருக்கும். நாகர்கோவில்ல யாராவது அப்பா வயசு மேஸ்திரிய நீன்னு சொல்வானா? இன்னும் நினைச்சா கூசுது.

டைம்னு எடுத்துக்கோங்க. தியெம்போ டைம், ஓரா டைம், வேஸ் டைம், மூணு கார்டு, மூணுக்கும் டைம். நான் எழுதிக்கிட்டது நேரம், மணி, தடவை. அவ்வளவு தான், குழப்பம் தீந்தது. மணி என்னன்னா ஓரா, மூணு தடவைன்னா வேஸ், நேரம் இல்லைன்னா தியெம்போ. கார்னர்னு ரெண்டு கார்டு இருக்கு, எஸ்கீனா, ரின்கோன். ஒண்ணு தெருமுக்கு, இன்னொண்ணு ரூம் மூலை. நாம முக்குல நில்லுன்னு சொன்னா ரோட்டுல நிப்பான், மூலையில நில்லுன்னா வகுப்புல நிப்பான், நமக்கு சின்ன வயசுலயே தெரியும்.

இதை விட பெரிய கூத்து குஸ்தார். பின்பக்கம் "டு லைக்"ன்னு இருக்கு. அதை நம்பி நான் "யோ குஸ்தோ எல் கஃபே"ன்னு சொல்லிட்டு திரிஞ்சேன். அப்படி சொல்லக்கூடாது, "மே குஸ்தா எல் கஃபே". மேன்னா எனக்கு. எனக்கு காபி பிடிக்கும். வார்த்தைக்கு வார்த்தை நம்ம வாக்கியம்! இங்கிலீஷ்காரன் தலைகீழா நின்னு கத்துக்கற இந்த இடம் நமக்கு அம்மா மடியில வந்தது. மே துவேலே லா எஸ்பால்தா, எனக்கு முதுகு வலிக்குது, சைட்ல தினம் கேக்கறது. சே மே ஓல்விதோ, எனக்கு மறந்துபோச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சது சே மே காயோ. கையில இருந்த ட்ரில் மெஷினை கீழ போட்டவன் இங்கிலீஷ்ல நான் போட்டேன்னு ஒத்துக்கணும், இவங்க சே மே காயோன்னு சொல்லிட்டு போயிடறாங்க. விழுந்துடுச்சு சார். பழி மெஷின் மேல. நம்ம ஆள் தானே!

வெர்ப் கார்டுலயும் இதே கதை. ஆப்லார், "டு ஸ்பீக்", முடிஞ்சது. ஆனா பேசும்போது யாரும் ஆப்லார்னு சொல்றதில்லை, ஆப்லோ ஆப்லாஸ் ஆப்லா ஆப்லாமோஸ்னு வால் மாறும், வாலைப் பாத்தாலே யார்னு தெரியும், நான் நீன்னு தனியா சொல்ல வேண்டாம். பேசறேன், பேசற, பேசறார், பேசறோம். நமக்கும் நான் வேண்டாம். இதை கார்டுல எங்கயும் காட்டலை.

எல்லா இடத்துலயும் தமிழ் கை கொடுக்குமான்னா, இல்லை. யாராவது கூப்பிட்டா நாம வர்றேன்னு சொல்வோம், அவங்க "யா வோய்"னு சொல்வாங்க, அதாவது போறேன். நான் பழக்கதோஷத்துல வர்றேன்ங்கறதுக்கான வெங்கோவைப் போட்டு பல தடவை மாட்டியிருக்கேன். மீன்னா தண்ணியில நீந்தும்போது பேஸ், பிடிச்சு தட்டுக்கு வந்துட்டா பெஸ்காதோ, நமக்கு உசுரோட இருந்தாலும் குழம்புல இருந்தாலும் மீன் மீன் தான். ஆண் பெண் விவகாரம் தான் தலைவலி. மேஜை பொம்பளை, புத்தகம் ஆம்பளை, கை பொம்பளை, பிரச்சனை ஆம்பளை, அஃறிணைன்னு ஒரு மூட்டையில கட்டி வச்சு பழகினவனுக்கு இது அநியாயமா இருக்கு. அதுக்கு வார்த்தைக்கு முன்னாடி எல், லா போட்டே மனப்பாடம் பண்ணணும், வேற வழியே கிடையாது. இந்தப் பெட்டியில எல், லா அச்சடிக்கவே இல்லை! ஸ்பானிஷ் சொல்லித்தர்ற பொருள்ல இது மன்னிக்க முடியாத தப்பு, நான் 600 கார்டுக்கு மேல கையால எழுதினேன்.

உச்சரிப்பு கார்டு கீழ இருக்கற இங்கிலீஷ் எழுத்தையும் அடிச்சிடுங்க, அது அமெரிக்கக்காரன் நாக்குக்கு எழுதினது. பேரோன்னா ஆனா, பேறோன்னா நாய். எங்க ஊர்ல ரகரத்துக்கும் றகரத்துக்கும் இன்னும் வித்தியாசம் உண்டு, நான் முதல் தடவையே நாயை நாய்னு சொல்லிட்டேன், கூட வேலை பாக்கற அமெரிக்க இன்ஜினியர் பத்து வருஷமா "ஆனா குரைக்குது"ன்னு சொல்லிட்டிருக்கார். த, ஞ எல்லாம் நம்ம எழுத்தே போதும். நம்ம தகரம் நடுவுல வந்தா மெதுவாகும்ல, அது, இது மாதிரி, அவங்க d எழுத்தும் ரெண்டு உயிருக்கு நடுவுல அப்படியே மெதுவாகுது.

பாதி கார்டு எழுதி முடிச்ச சமயம் டொரொண்டோல இருக்கற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர்கிட்ட வீடியோ கால்ல இதைக் காட்டினேன். அவர் பாட்டுக்கு சிரிக்கிறார். சப்பாத்தோன்னா செருப்பு ஷூன்னு நான் சொல்ல, "உது எங்கட சப்பாத்து தானே"ங்கறார். பான்னா ரொட்டி, அவங்களுக்கு பாண். மேசா, மேசை. அர்மாரியோ, அலுமாரி. 1658ல டச்சுக்காரன் பிடிக்கிற வரைக்கும் யாழ்ப்பாணம் போர்த்துகீசியன் கையில இருந்தது, அந்த பாஷையும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி, அதான். அவர் உதுன்னு சொன்னாரே, அதுலயே இன்னொரு கார்டு தீந்தது. எஸ்தே, எசே, அகேல்னு மூணு கார்டு, இங்கிலீஷ்ல திஸ், தட், மறுபடியும் தட். எனக்கு விளங்கவே இல்லை. அவருக்கு இது, உது, அதுன்னு மூணும் அப்படியே உக்காந்துடுச்சு. நாங்க தொலைச்ச உகரத்தை அவங்க வச்சிருக்காங்க.

இந்த அக்கா தங்கச்சி விஷயம் தெரிஞ்சதும் தான் மாயெஸ்த்ரோ கார்டை எடுத்துப் பாத்தேன். பின்பக்கம் டீச்சர்னு இருக்கு, தப்பில்லை, ஸ்கூல்ல அது தான். ஆனா சைட்ல நாள் முழுக்க மாயெஸ்த்ரோ மாயெஸ்த்ரோன்னு கூப்பிடறாங்களே, அங்க யார் பாடம் நடத்தறாங்கன்னு முழிச்சிட்டிருந்தேன். மேஸ்திரிங்க! நம்ம மேஸ்திரி போர்த்துகீசிய மெஸ்த்ரேல இருந்து வந்த வார்த்தை, மாயெஸ்த்ரோ அதோட சொந்தக்கார வார்த்தை, வேலையும் அதே வேலை. எங்க தாத்தாவை ஊர்ல மேஸ்திரின்னு தான் கூப்பிடுவாங்க, நான் ஹூஸ்டன்ல நின்னுக்கிட்டு டீச்சர்னு மொழிபெயர்த்துட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் பெட்டியில இல்லாத வார்த்தைக்கு நானே வெள்ளை அட்டை வெட்டி கார்டு பண்ண ஆரம்பிச்சேன், இங்கிலீஷே எழுதலை. அல்பஞீல், கொத்தனார். சலான், சித்தாள். வரீயா, கம்பி. சிம்ப்ரா, சென்ட்ரிங். லத்ரீயோ, செங்கல். ப்லொமாதா, தூக்குக்குண்டு. ஓஹோன்னா கண்ணு, ஆனா கத்திச் சொன்னா "பாத்து!"ன்னு அர்த்தம். அஓரீத்தான்னா டிக்ஷனரியில இப்பவேன்னு இருக்கும், நம்பாதீங்க, அது நம்ம "தோ வந்துட்டேன்", அஞ்சு நிமிஷமும் ஆகலாம் சாயங்காலமும் ஆகலாம். இந்த மாதிரி 130 கார்டு ஆச்சு, சைட்ல எனக்குப் பயன்பட்டதுல பாதி இதுல தான் இருக்கு.

அப்ப வாங்கலாமா? ஸ்பெயினுக்கு படிக்கவோ வேலைக்கோ போறவங்க தாராளமா வாங்கலாம், பதாதாவும் சூமோவும் அங்க செல்லும், கோஹெர் கார்டுக்கும் வேலை இருக்கும். டெக்சாஸ், கலிஃபோர்னியா பக்கம் இருந்தா லத்தீன் அமெரிக்கன் ஸ்பானிஷ்னு பெட்டி மேலயே போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, இல்லைன்னா 200 வெள்ளைக் கார்டு மூணு நாலு டாலருக்கு கிடைக்கும், அதை வாங்கி நீங்களே எழுதுங்க, எழுதும்போதே பாதி மண்டையில ஏறிடும். சைட் வேலைக்கு மட்டும்னா இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். என் மார்க் அஞ்சுக்கு ரெண்டரை, அதுல ஒண்ணரை அந்த மஞ்சள் கார்டுக்கு.

வாங்கிட்டீங்கன்னா ஒண்ணு, வழவழன்னு இருக்கற அட்டை, பால்பாயிண்ட் பிடிக்காது, ஜெல் பேனா இழுவிடும், நான் முதல் 50 கார்டை அப்படித்தான் நாசம் பண்ணினேன். பர்மனெண்ட் மார்க்கர், மெல்லிசு முனையா பாத்து வாங்குங்க. இதே கம்பெனி வெர்ப் மட்டும் தனியா ஒரு 300 கார்டு பெட்டி போட்டிருக்கான், 15 டாலர். யாராச்சும் வாங்கியிருந்தா அதுல குஸ்தாருக்கு பின்பக்கம் என்ன போட்டிருக்கான்னு மட்டும் சொல்லுங்க.